பாட்டுக்கு நடுவே பத்து நிமிடம்
பினாங்குத் தமிழர் கேட்கும் வானொலியும் அதன் அரசியல் சாய்வும்

ஜார்ஜ் டவுனில் பெரியவர்கள் இன்னும் கடைத்தெரு என்றே சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட்டில், காலை ஏழு மணிக்குத் தமிழ் வானொலி காதில் விழாமல் நடக்க முடியாது. பூக்கடையில் ஒன்று பாடும், எதிர்க் கடையில் அதே பாட்டு அரை நொடி தாமதமாக வரும். நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் கடையில், மைலோ டின்களுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பெட்டி ஒன்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். அறிவிப்பாளர்கள் சிரிப்பார்கள், பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள், புதிர் போடுவார்கள். அதற்குக் கீழே இருக்கும் மேசையில் வேறு வானொலி ஓடும்: இந்திய சமூகத்துக்கான அரசு நிதியான மித்ரா பணம் யாருக்குப் போனது, எந்தக் கட்சி நம்மை ஏமாற்றியது, அடுத்த தேர்தலில் யாருக்குப் போடுவது.

ஒரு நாள் பக்கத்து மேசை இளைஞர் கடைக்காரரிடம் கேட்டார்: “இதெல்லாம் ரேடியோவுல பேச மாட்டாங்களாண்ணே?”

“பேசுனா அவங்க பொழப்பு என்னாவுறது? பாட்டைக் கேளுய்யா.”

இந்தப் பதிலுக்குள் ஒரு முழு ஆய்வுக்கான பொருள் இருக்கிறது. மலேசியத் தமிழ் வானொலி பேச்சுக்குப் பஞ்சமில்லாத வானொலி. ஆனால் வாதம் அதில் அரிது. அமெரிக்காவில் பேச்சு வானொலி என்றால் எந்தக் கட்சிப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. இங்கே அப்படிக் கேட்டால் நேயருக்கு விளங்காது. சாய்வே இல்லை என்று இதற்குப் பொருளா? இல்லை, சாய்வு நாம் தேடாத இடத்தில் இருக்கிறதா? வரலாறு, சட்டம், உரிமை, நிகழ்ச்சிகளின் போக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் விடை பிடிபடும்.

ஆட்சியாளரின் குரலாகப் பிறந்தது

பினாங்குக்கு வானொலி வந்தது அரசாங்கத்தின் கையால் அல்ல, ஆர்வலர்களின் கையால். 1934இல் பினாங்கு வயர்லெஸ் சங்கத்தின் ‘இசட்.எச்.ஜே.’ நிலையம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கியது. அந்தத் தன்னார்வக் காலம் நீடிக்கவில்லை. 1937இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் நிலையம் திறந்தது. 1940இல் அதைக் காலனி அரசே எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த ஜப்பானியர், பினாங்கு உட்பட எல்லா ஊர் நிலையங்களையும் தங்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, ஆசாத் ஹிந்த் ஒலிபரப்பும் அந்த அலைகளில்தான் ஏறியது. மலாயாத் தமிழர் வானொலியில் வெளிப்படையான அரசியலைக் கேட்டது முதலில் அப்போதுதான் என்று சொல்லலாம். அதுவும் இன்னொரு பேரரசின் தயவில்.

போருக்குப் பிறகு 1946 ஏப்ரல் 1 அன்று ரேடியோ மலாயா பிறந்தது. இன்றைய மின்னல் எப்.எம். தன் வேரை அதன் தமிழ்ப் பகுதியில்தான் தேடுகிறது. இரண்டே ஆண்டில் அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை எதிர்த்துத் துப்பாக்கியோடு வானொலியும் களமிறங்கியது. தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்கும் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பின்னாளில் பி.பி.சி.யின் தலைவரான ஹியூ கார்ல்டன் கிரீன் 1950-51இல் மலாயாவில் அவசரகாலத் தகவல் சேவையை நடத்தியவர் என்பதிலிருந்தே அந்த வேலைக்குத் தரப்பட்ட முக்கியத்துவம் தெரியும். பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய தொழிலாளி லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டது பாட்டும் நாடகமும்தான். ஆனால் பெட்டியை அங்கே கொண்டுவந்து வைத்தது பாதுகாப்புக் கணக்கு.

மெர்டேக்கா, அதாவது விடுதலை, வந்ததும் இந்த உறவு மாறியிருக்கலாம், மாறவில்லை. வானொலி தகவல் அமைச்சின் ஒரு துறையாகவே நீடித்தது. அந்தத் துறையின் தமிழ்ப் பகுதியில் வளர்ந்தவர்கள் மலேசியத் தமிழ் வாழ்வில் பெரிய ஆட்களானார்கள். மலேசிய இந்தியர் காங்கிரசுக்கு (ம.இ.கா.) 1979 முதல் 2010 வரை தலைமை தாங்கிய ச. சாமிவேலு ஒரு காலத்தில் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு ஒலிபரப்புத் துறையில் வேலை பார்த்துவிட்டு, 1976இல் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு வந்து மக்கள் தகவல் சாதனத்தைப் பாடமாகக் கற்பித்தார். மூன்றாம் உலக நாடுகளில் தொலைக்காட்சி எப்படித் தேசக் கட்டுமானத்தின் கருவியாக ஆக்கப்பட்டது என்பதற்கு மலேசியாவையே எடுத்துக்காட்டாக வைத்து அவர் ஆராய்ந்தார். கருவி என்பதுதான் அங்கே முக்கியமான சொல். கருவியைப் பிடித்திருக்கும் கைக்கு எதிராக அது பேசாது.

வேலி எங்கே போடப்பட்டது

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு நிலைமை இறுகியது. 1970 தேசிய தினத்தன்று ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு வந்தது. 1971இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடியபோது தேச நிந்தனைச் சட்டத்துக்கான திருத்தம் உறுதியானது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் மற்றும் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை, மன்னர்களின் இறைமை ஆகிய நான்கையும் பொதுவில் கேள்விக்கு உட்படுத்துவது குற்றமாயிற்று. இன்று மூன்று ‘ஆர்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இனம், மதம், அரச பீடம் என்ற எச்சரிக்கைப் பலகைக்கு அடித்தளம் இதுதான்.

இந்தப் பட்டியலைத் தமிழ் நேயரின் காதோடு படிக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளை குடியுரிமைப் பிரச்சினை. பல்கலைக்கழக இடம், அரசாங்க வேலை, குத்தகை எல்லாம் சிறப்பு நிலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பவை. கோயில் இடமாற்றம் மதம். ஆக, தே தாரிக் மேசையில் சூடு பறக்கும் விஷயங்களில் பெரும்பாதி வேலிக்கு அந்தப் பக்கமோ அதை ஒட்டியோதான் கிடக்கின்றன. ஒரு சீனமொழி நிலையமோ மலாய் நிலையமோ வரி, நில மேம்பாடு, ஊழல் என்று பேசிப் பொழுதை ஓட்டிவிடலாம். தமிழ் நிலையம் தன் நேயரின் அரசியலைத் தொட்டாலே விரல் கம்பியில் படும்.

சட்டத்தின் அடுத்த அடுக்கு உரிமம். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஒலிபரப்பு முழுக்கக் கூட்டரசின் அதிகாரம். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம் தனியார் நிலையங்களின் உரிமத்தையும் உள்ளடக்கத்தையும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கண்காணிப்பில் வைத்தது. மாநில அரசு ஒரு வானொலி தொடங்க வேண்டுமென்றாலும் கூட்டரசு அமர்ந்திருக்கும் புத்ராஜெயாவின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

பினாங்குக்கு இதன் அருமை 2008 மார்ச் 8க்குப் பிறகு தெரிந்தது. ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) தலைமையில் மாநிலம் எதிர்க்கட்சிகளின் கைக்கு வந்தது. பேராசிரியர் பி. இராமசாமி இரண்டாம் துணை முதலமைச்சரானார். பினாங்கு வரலாற்றில் அந்த உயரத்துக்கு வந்த முதல் தமிழர் அவர். ஆனால் மாநிலத்தின் பெயரிலேயே இயங்கும் முத்தியாரா எப்.எம். கூட்டரசின் ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். குடும்பத்தைச் சேர்ந்தது; அதன் மொழி மலாய். மாநில அரசு என்ன செய்தது? காகிதத்துக்குப் போனது. ‘புலேட்டின் முத்தியாரா’ இதழை இலவசமாக வீடு வீடாக விநியோகித்தது. அதன் தமிழ்ப் பதிப்பு ‘முத்துச் செய்திகள்’. பத்தாண்டு காலம் ஒரு மாநிலம் முழுவதையும் ஆண்டவர்கள், தங்கள் தமிழ் வாக்காளரிடம் வானொலியில் பேச வழியில்லாமல் துண்டுப் பத்திரிகை காலத்துக்குத் திரும்பினார்கள். 2013 பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சிகளுக்கு அரசு ஒலிபரப்பில் தருவதாகச் சொல்லப்பட்டது பத்து நிமிடம், அதுவும் முன்கூட்டியே பதிவு செய்தது.

இன்று கேட்கக் கிடைப்பவை

பினாங்குத் தமிழரின் காதில் இன்று விழுபவை முக்கியமாக இரண்டு நிலையங்கள். ஒன்று அரசின் மின்னல் எப்.எம். இன்னொன்று தனியார் நிறுவனமான ஆஸ்ட்ரோவின் ராகா. டைம் ஹைவே ரேடியோ என்று 1990களில் தொடங்கிய நிலையம் பிறகு ஆஸ்ட்ரோவின் கைக்கு மாறி, டி.எச்.ஆர். ராகா ஆகி, 2018 முதல் வெறும் ராகா ஆனது. இரண்டும் கோலாலம்பூரிலிருந்து வருபவை. தீவிலோ, பிறை, புக்கிட் மெர்தாஜம், நிபோங் தெபால் பக்கத்திலோ நடக்கும் ஒரு விஷயம் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் செய்தி.

மின்னலின் சாய்வை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அரசாங்கம் அறிவித்தது, அமைச்சர் சொன்னார், உதவிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று அது பேசும். இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சாய்வு கட்சிக்கானது அல்ல, நாற்காலிக்கானது. 2018 மே 9 அன்று தேசிய முன்னணி 61 ஆண்டு ஆட்சியை இழந்தது. அதன் இடத்துக்கு வந்த பக்கத்தான் ஹரப்பான் கூட்டணி 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது. 2022 நவம்பரில் அன்வார் இப்ராஹிம் பிரதமரானார். நான்கரை ஆண்டில் மூன்று முறை காற்று திசை மாறியது. செய்தியின் முதல் வரியில் இருந்த பெயர் மாறியது, வரியின் இலக்கணம் மாறவில்லை.

ராகாவின் கதை வேறு. விளம்பரத்தில் வாழும் நிலையத்துக்கு எல்லாக் கட்சிக்காரரும் வாடிக்கையாளரே. யாரையும் புண்படுத்தாத கலகலப்புத்தான் அதன் மூலதனம். அதன் சாய்வு எந்தக் கட்சிப் பக்கமும் இல்லை, பிரச்சினையிலிருந்து விலகி நிற்கும் பக்கம். ஆனாலும் இதைக் குறை சொல்வதற்கு முன், அது செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களின் பாடல்கள் வீடுகளுக்குள் நுழைந்ததில் இரு நிலையங்களுக்கும் பங்குண்டு. மலேசியத் தமிழ்ப் பேச்சை, அதன் ‘லா’வோடு சேர்த்து, வெட்கமில்லாமல் அலைவரிசையில் ஏற்றியதில் தனியாருக்குப் பெரிய பங்குண்டு.

இரண்டு நிலையங்களையும் சேர்த்துக் கேட்டால் ஒரு பொது வழக்கம் தெரியும். பிரச்சினைகள் வராமல் இல்லை, வருகின்றன. ஆனால் குறையாக வருகின்றன, கேள்வியாக வருவதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குத் தேசியப் பதிவுத் துறையின் எந்த முகப்புக்குப் போக வேண்டும், என்னென்ன ஆவணம் வேண்டும் என்று சொல்வார்கள். அது பயனுள்ள தகவல்தான். இந்த மண்ணில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்தில் ஏன் பத்திரம் இல்லை என்று கேட்க மாட்டார்கள். சிறுநீரக நோயாளிக்கு நிதி திரட்டுவார்கள். டயாலிசிஸ் இடம் ஏன் போதவில்லை என்பது நிகழ்ச்சிக்கு வெளியே நிற்கும். அரசியல் இப்படி அனுதாபமாக மாறிவிடுகிறது. தமிழ் வானொலியின் மிக ஆழமான சாய்வு இதுதான் என்பது என் முடிவு: நேயரைக் குடிமகனாகப் பார்க்காமல் உதவி தேடி வந்தவராகப் பார்ப்பது.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தின் நேயர் நேரத்துக்கு அழைத்தேன். தலைப்பு, தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவது. தொலைபேசியை எடுத்த பெண் என்ன சொல்லப் போகிறேன் என்று முதலில் கேட்டார். பள்ளி நிலம் தோட்ட நிறுவனத்தின் பேரில் இருப்பதால் எத்தனையோ பள்ளிகள் பகுதி உதவியோடு நிற்கின்றன, அதைப் பற்றி என்றேன். “அண்ணே, அரசியல் வேணாமே. பெற்றோர் என்ன செய்யலாம்னு மட்டும் சொல்லுங்களேன்” என்றார், மிகுந்த மரியாதையோடு. நான்கு பாட்டு காத்திருந்தேன். என் முறை வந்ததும், பெற்றோர் பிள்ளைகளுக்குத் தினமும் கதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றதை நானே விழுங்கினேன் அல்லவா?

வேலி மேல் கை வைத்தவர்கள்

பயம் ஆதாரமில்லாததா? 2010 ஆகஸ்டில் சீனமொழி நிலையமான 988இல் காலை நிகழ்ச்சி நடத்திய ஜமாலுடின் இப்ராஹிம் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். உணர்ச்சிகரமான விஷயங்கள் பேசப்பட்டதாகத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திலிருந்து வந்த கடிதம்தான் அதற்குப் பின்னணி. அந்த நிலையம் அன்றைய ஆளுங்கூட்டணிக் கட்சியான மலேசிய சீனர் சங்கத்தின் (ம.சீ.ச.) ஸ்டார் குழுமத்துடையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் ஆளுங்கட்சியாக இருந்தும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதே ஆண்டில் ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் பாக்குன் அணையால் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிய சீனமொழித் தொடர் பாதியில் நிறுத்தப்பட்டது.

பேச்சு வானொலியே மலேசியாவில் இல்லை என்பதும் சரியல்ல. 2008இல் தொடங்கிய பி.எப்.எம். 89.9, அமைச்சரையும் எதிர்க்கட்சிக்காரரையும் ஒரே கூர்மையோடு கேள்வி கேட்டுப் பெயர் வாங்கியது. ஆனால் அது ஆங்கிலம். கிள்ளான் பள்ளத்தாக்குக்கான பண்பலை. ஆங்கிலம் தெரிந்த நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைக்கும் சுதந்திரம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில் தமிழ் கேட்டுக்கொண்டு போகும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. மொழி மாறினால் தாங்கும் அளவும் மாறுகிறது.

2025 மார்ச்சில் நடந்தது இன்னொரு பாடம். மலாய் நிலையமான எரா எப்.எம்.மின் அறிவிப்பாளர்கள் காவடியாட்டத்தையும் ‘வேல் வேல்’ முழக்கத்தையும் கிண்டல் செய்த காணொளி பரவியது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்த பினாங்குத் தமிழருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மன்னிப்பு வந்தது, காவல் துறை விசாரணை வந்தது, உரிமத்தை இடைநிறுத்தும் பேச்சு எழுந்தது. கடைசியில் உரிமம் வைத்திருந்த நிறுவனத்துக்கு 2,50,000 ரிங்கிட் அபராதத்தோடு முடிந்தது. எராவும் ராகாவும் ஒரே ஆஸ்ட்ரோ வீட்டுப் பிள்ளைகள். வேலி ஒரு பக்கம் பேச்சை அடைக்கிறது என்று புலம்பும் நாமே, அன்று அந்த வேலி இன்னும் உயரமாக இருக்கக் கூடாதா என்று கேட்டோம். இந்த இரட்டை மனத்தை ஒப்புக்கொள்ளாமல் வானொலிச் சுதந்திரம் பற்றி நேர்மையாக எழுத முடியாது.

மற்ற ஊர்களில்

வேலியை முழுக்கப் பிடுங்கினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 1949 முதல் அங்கே இருந்த நடுநிலைக் கோட்பாடு, சர்ச்சைக்குரிய விஷயத்தில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்றது. 1987இல் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வலதுசாரி அறிவிப்பாளர் ரஷ் லிம்பா நாடு தழுவிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். வலதுசாரிக் குரல் பண்பலைக்கு முந்தைய பழைய ஏ.எம். அலைவரிசைகளை நிரப்பியது, ஒரு தரப்பு கோபத்தையே நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த தலைமுறை உருவானது. அதன் கொடிய எல்லை ருவாண்டா. 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி மறு ஆண்டு இனப்படுகொலைக்கு ஆள் சேர்க்கும் குரலானது. பல இனம் வாழும் நாட்டில் ஆட்சியாளர்கள் இந்த உதாரணங்களைக் காட்டும்போது அதில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது.

தமிழகம் வேறு வழியில் போனது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தனியார் பண்பலை சொந்தச் செய்தி ஒலிபரப்பத் தடை நீடித்தது. கட்சிச் சாய்வு முழுக்கத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. எந்த அலைவரிசை எந்தக் கட்சி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பண்பலை பாட்டோடு நின்றது. அதே வேளையில் பிரதமரின் ‘மன் கி பாத்’ 2014 முதல் அரசு வானொலியில் மாதந்தோறும் வருகிறது. கேள்வி கேட்கும் பேச்சுக்குத் தடை, கேள்வியே இல்லாத பேச்சுக்கு மேடை.

தமிழில் உண்மையான பேச்சு வானொலி எங்கே வளர்ந்தது என்று தேடினால், டொரோண்டோவுக்கும் லண்டனுக்கும் போக வேண்டும். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நடத்திய நிலையங்கள் நேயரைத் தொலைபேசியில் கொண்டுவந்து நிறுத்தின. 2009இல் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது இரவு பகலாக அந்த அழைப்புகள் ஓடின. அழுகை, ஆத்திரம், அரசியல் எல்லாம் ஒரே இழையில் வந்தன. அவற்றுக்குச் சாய்வு இருந்தது, மாற்றுக் கருத்துக்காரர் வாய் திறக்க அஞ்சியதும் உண்டு. ஆனால் நேயர் அங்கே உதவி கேட்டு வந்தவராக இல்லை.

பேச்சு போன இடம்

பினாங்கில் பேச்சு நின்றுவிடவில்லை, இடம் மாறியது. 2023இல் மாநிலத் தேர்தலில் மீண்டும் நிற்க வாய்ப்பு கிடைக்காத இராமசாமி ஜ.செ.க.வை விட்டு விலகி ‘உரிமை’ என்ற புதுக் கட்சியை அறிவித்தபோது, அந்தச் சண்டை முழுக்க முகநூலிலும் இணையச் செய்தித் தளங்களிலும் நடந்தது. தமிழ் வாக்காளரைப் பற்றிய இவ்வளவு பெரிய சண்டையில், அவர்கள் தினமும் கேட்கும் வானொலி ஒரு மணி நேர நேருக்கு நேர் விவாதம் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதற்கு முன்பும் அப்படித்தான். 1894ஆம் ஆண்டின் செட்டியார் வெள்ளி ரதத்துக்குப் பக்கத்தில் 2017இல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதம் புறப்பட்டபோது, ஒரு தைப்பூசத்துக்கு ஏன் இரண்டு ரதம் என்று வீட்டுக்கு வீடு சண்டை. அலைவரிசையில் கேட்கக் கிடைத்தது பக்திப் பாடலும் திருவிழா வர்ணனையும்.

வானொலி விட்ட இடத்தை டிக்டாக் நேரலைகளும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் பிடித்துக்கொண்டன. அங்கே வேலி இல்லை, பொறுப்பாசிரியரும் இல்லை. ஒருவர் காரை ஓட்டிக்கொண்டே ஒரு சமூகத்தையே திட்டுவார். ஆயிரம் பேர் பகிர்வார்கள். 2025 ஜனவரி முதல் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கும் உரிமம் கட்டாயம் என்று அரசு சொல்லிவிட்டது. அதாவது வேலி அங்கேயும் நீள்கிறது. அளவான வாதத்துக்கு இடம் தராத வானொலி, அளவில்லாத வாதத்துக்கு நேயரை அனுப்பிவைக்கிறது. பிறகு அதைக் காட்டி, பார்த்தீர்களா, பேச விட்டால் இப்படித்தான் என்று சொல்ல வசதியாகிறது.

செய்யக் கூடியது

அமெரிக்க வழி நமக்கு வேண்டாம். ஆனால் இப்போதுள்ள மௌனத்தை ஒற்றுமை என்று பெயரிட்டு அழைப்பதும் வேண்டாம். இடையில் செய்யக் கூடியவை உண்டு. வாரம் ஒரு மணி நேரம் பினாங்கிலிருந்தே தமிழில் நேரலை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேசையில், அதே அளவு நிமிடங்களோடு. நேயரின் கேள்வியை முன்கூட்டியே மெழுகாமல், சில நொடி தாமத ஒலிபரப்பை மட்டும் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது. பள்ளி நிலம், குடியிருப்பு, வேலை என்று சட்ட வேலிக்கு இந்தப் பக்கமே எவ்வளவோ நிலம் தரிசாகக் கிடக்கிறது. கார்த்திகேசுவின் ஒரு நாவலுக்கு ‘வானத்து வேலிகள்’ என்று பெயர். கதை வேறு, ஆனால் தலைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும். வானத்து வேலிகளில் பாதி அரசாங்கம் போட்டது. மீதியை நிலையங்களும் நேயர்களும் அவரவர் வாசலில் நட்டுக்கொண்டோம்.

போன வாரம் அதே கடை, அதே மேசை. இளைஞரின் கைப்பேசியில் யாரோ ஓர் அரசியல்வாதியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மணி எட்டானது. “சத்தத்தைக் குறைடா தம்பி, செய்தி போவுது” என்றார் கடைக்காரர். கைப்பேசி அடங்கியது. பரோட்டா தட்டும் சத்தம்கூட நின்றது. அமைச்சர் ஒருவர் இந்திய சமூகத்துக்கான ஏதோ ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசியதாக அறிவிப்பாளர் வாசித்தார். எவ்வளவு, எப்போது, யார் வழியாக என்பது செய்தியில் இல்லை. எல்லாரும் இன்னும் ஒரு வரி வரும் என்று பெட்டியைப் பார்த்தபடி இருந்தோம். பாட்டு வந்தது.